ஒரே நேரத்தில் திறக்கும் கதவுகள்

போன மாதம் தவராசா எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். நான் வேலை செய்த மண்டபத்தின் இரண்டு கதவுகளும் இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் தானாகத் திறக்கின்றன. எதிரெதிரே இருக்கும் இரண்டும் நூல் பிசகாமல் ஒன்றாக விலகுகின்றன. "பாத்தியளோ அண்ணை, எங்கட ரெண்டு பேற்ற வேலையையும் ஒரு மோட்டர் செய்யுது" என்று கீழே எழுதியிருந்தான். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் எங்கள் காலத்து நடைமுறைகளை எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்களாம். நல்ல பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத இது வேறெங்கோ போகிறது. கைநூலில் போட உதவாது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தேம்ஸ் கரையோரம், நாடுகள் வந்து கூடிப் பேசுவதற்கென்று வாடகைக்கு விடும் கட்டடம் அது. பெயர் சொல்லமாட்டேன். ஓய்வு பெறும் நாளிலும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, பெற்றோல் நிலையம், கோழிக்கடை, ஹோட்டல் சமையலறை என்று அலைந்து கடைசியில் அங்கே ஒட்டிக்கொண்டேன். மண்டப உதவியாளர் என்பது பதவி. ஊரிலிருந்து போன் எடுப்பவர்களிடம் என் மனைவி "அவர் தூதர்மாரோட வேலை செய்யிறார்" என்பாள். தண்ணீர் வைக்கிற வேலை என்று நான் பின்னாலிருந்து திருத்துவேன்.

தண்ணீர் வைப்பதிலும் இருக்கிறது விஷயம். இரண்டு நாடுகள் பேச வந்தால் யார் முதலில் உள்ளே வருவது என்பதே முதல் சண்டை. முதலில் வந்தவர் மற்றவருக்காகக் காத்திருந்தவர் ஆகிவிடுவார். காத்திருந்தால் இறங்கிப்போனதாக அர்த்தம். அதனால்தான் மண்டபத்தின் இரு முனையிலும் இரண்டு கதவுகள். உள்ளே ஒரு கதவில் நான் நிற்பேன், எதிர்க்கதவில் தவராசா நிற்பான். நடுவில் எங்கள் மேலாளர் மிஸ் ஹோல்ட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அவர் தாடையைச் சற்றே தாழ்த்தினால் இருவரும் ஒரே கணத்தில் திறக்கவேண்டும்.

மேசையில் வைக்கும் எதுவும் அப்படித்தான். நானும் தவராசாவும் மேசையின் இரு பக்கத்தாலும் நடந்து, கண்ணால் பேசிக்கொண்டு, ஒன்றாகக் குனிந்து, ஒன்றாக வைத்து, ஒன்றாக நிமிர்வோம். "கலியாணத்தில மாப்பிளைத் தோழனும் பொம்பிளைத் தோழியும் கூட இப்பிடிப் பொருத்தமா நடக்காயினம்" என்று அவன் சொல்லுவான். தண்ணீர்ப் போத்தல் இரண்டு நாட்டினதாகவும் இருக்கக்கூடாது, மூன்றாவது நாட்டிலிருந்து வந்ததாக இருக்கவேண்டும். ஒருமுறை ஓர் அமைச்சர் உயரம் குறைந்தவர் என்று அவருடைய கதிரையில் மெத்தை வைத்தோம். ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கமும் வைக்கவேண்டுமே. எதிரே இருந்தவர் ஆறடிக்கு மேல். பேச்சு முடியும் வரை அந்த மனிதரின் முழங்கால் மேசையில் இடித்துக்கொண்டே இருந்தது.

மிஸ் ஹோல்ட் யாரையும் ஏசியதில்லை. மெலிந்த, நெடிய பெண். எப்போதும் சாம்பல் நிறத்தில் உடை. ஏதாவது பிழையாக இருந்தால் அதன் பக்கத்தில் போய் நிற்பார், அவ்வளவுதான். கொடி கொஞ்சம் சரிந்திருந்தால் கொடிக்குப் பக்கத்தில். கிளாஸில் விரல் அடையாளம் இருந்தால் கிளாஸுக்குப் பக்கத்தில். நாங்கள் கண்டுபிடித்துத் திருத்தும் வரை அசையமாட்டார். நான் சேர்ந்த புதிதில் ஒரு மேசை விரிப்பின் ஓரத்தில் அவர் நின்ற நிற்பை இன்றைக்கும் முதுகில் உணர்கிறேன். ஏசியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அவரிடம் எனக்குப் பயமும் இருந்தது, அதைவிட அதிகமாக மரியாதை இருந்தது.

இனி அந்த இரண்டு நாடுகள். ஒன்று ஐரோப்பாவில், மற்றது ஆப்பிரிக்காவில். கண்டம் வேறென்றாலும் அயல்வீட்டுக்காரர்கள். நடுவில் இருப்பது எங்கள் மன்னாருக்கும் இந்தியக் கரைக்கும் இடையில் இருப்பதைவிட ஒடுங்கிய கடல். நாங்கள் வேலைக்காரர்கள் எங்களுக்குள் வடக்கு என்றும் தெற்கு என்றும் சொல்லிக்கொண்டோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

இருவரும் முதலில் மீன்பிடி பற்றிப் பேச வந்தார்கள். நடுக்கடலில் ஒரு துண்டு. கடல் வரைபடத்தில் பார்த்தால் ஒரு விரல் அகலம். அது எங்களுடையது என்று வடக்கு சொன்னது. தங்கள் பாட்டன்மார் வலை போட்ட இடம் என்று தெற்கு சொன்னது. மேசை முழுக்கப் படங்கள். ஒரு கிழவர் எழுந்து நின்று அழுதேவிட்டார். சுவரோரம் நின்ற எனக்கே மனம் இளகியது. நானும் கடற்கரைப் பிள்ளைதானே.

அடுத்த வருடம் அதே ஆட்கள், அதே மண்டபம், அதே படம். இம்முறை பேச்சு, கடலில் தத்தளிக்கும் படகுகளைத் தேடிக் காப்பாற்றுவதில் ஒத்துழைப்பது பற்றி. அந்த விரல் அகலத் துண்டில் படகு கவிழ்ந்தால் யார் போவது? அது உங்கள் பகுதி என்றது வடக்கு. இல்லை, உங்களுடையது என்றது தெற்கு. போன வருடம் அழுத கிழவர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. தேநீர் நேரத்தில் தவராசா என் காதருகே வந்து, "மீனெண்டா எங்கட கடல், மனிசரெண்டா உங்கட கடல்" என்றான். சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் சிரித்தும்விட்டேன்.

பேச்சின் இரண்டாம் நாள் காலை, நான் குடியிருக்கும் தோர்ண்டன் ஹீத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது றெஜினா ஓடி வந்தாள். எங்கள் பங்குக் கோவிலுக்கு வரும் பெண். முதியோர் இல்லத்தில் வேலை. ஷிப்ட் உடுப்போடு வந்திருந்தாள். அவளுடைய தம்பி டிலக்சன் ஏஜென்சிக்காரனை நம்பி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் மாதக்கணக்காக அங்கே கிடந்தவன். ஞாயிறு பூசைகளில் அவனுக்காக மன்றாட்டுச் சொல்லி எங்கள் எல்லோருக்கும் அவன் பெயர் பழகியிருந்தது. அவன் முந்தின இரவு தெற்கின் கரையிலிருந்து படகு ஏறியிருக்கிறான்.

"எஞ்சின் நிண்டுட்டுதாம் அண்ணை. தண்ணி ஏறுதாம். லொக்கேஷன் அனுப்பியிருக்கிறான், இஞ்சை பாருங்கோ" என்று போனைக் காட்டினாள். நீலத் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்த இடம் எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக நான் தண்ணீர் வைத்த மேசையில் விரித்துக் கிடந்த அதே துண்டு.

"ரெண்டு பக்கத்து நம்பருக்கும் அடிச்சிட்டன். இவை அவையிட்டைக் கேக்கச் சொல்லினம், அவை இவையிட்டைக் கேக்கச் சொல்லினம். அண்ணை, அந்த ரெண்டு நாட்டுக்காரரும் உங்கட இடத்திலதானே இருக்கினம்?"

"அங்கை நாங்கள் வாய் திறக்கக்கூடாது, றெஜினா. வேலை போயிடும்."

"எனக்கு விளங்குது. வேலை போனா நான் உங்களுக்கு என்ன செய்யேலும், ஒண்டும் ஏலாது. ஆனா அவன் தண்ணிக்குள்ள நிக்கிறான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேற்றிவிட்டுப் பஸ் ஏறியிருப்பேனோ என்னவோ. புள்ளியை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். நானும் இளம் வயதில் எங்கள் கடலைப் படகில் கடந்தவன்தான். எங்களுக்கும் எஞ்சின் நின்றது. ஓர் இந்திய மீனவர் எந்தக் கேள்வியும் கேட்காமல் கயிறு எறிந்தார். அந்தக் கயிறு பஸ் பயணம் முழுக்க என் கண்ணுக்குள் நின்றது.

மண்டபத்துக்குப் போனதும் நேரே மிஸ் ஹோல்ட்டிடம் போனேன். பாத்திரங்கள் அடுக்கும் சிறிய அறையில் நின்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லிப் போனைக் காட்டினேன். அவர் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார். பிழை நான்தான் என்று எண்ணி, போனைச் சட்டைப்பையில் வைக்கப் போனேன்.

"வைக்காதீர்கள், சேவியர்" என்றார். "நம்முடைய எதையும் அந்த மேசையில் நாம் வைத்ததில்லை. இன்றைக்கு வைப்போம்."

வெள்ளை அட்டைகள் இரண்டை எடுத்துத் தன் கையாலேயே இரண்டிலும் ஒன்றுபோல எழுதினார். இடம் இது. படகு நிறைய ஆட்கள். எஞ்சின் நின்றுவிட்டது. தண்ணீர் ஏறுகிறது. வேலை போனால் என்னோடு சேர்த்து அவருக்கும்தான்.

அறைக்கு வெளியே தெற்கின் கடற்காவல் கப்டன் தனியாக நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கறுத்துக் காய்ந்த முகம், பாலில்லாத தேநீரில் சீனியை அள்ளிப் போடுவார். அந்தக் கூட்டத்தில் எனக்குக் காலை வணக்கம் சொல்லும் ஒரே ஆள். அவரிடம் கொடுப்போமா என்று நான் கண்ணால் காட்டினேன். மிஸ் ஹோல்ட் தலையசைத்து மறுத்தார். "இரண்டு பக்கத்துக்கும். ஒன்றாக." எனக்கும் அது சரியென்றே பட்டது. அத்தனை வருடப் பழக்கம். ஒருவரிடம் மட்டும் கொடுக்கலாம் என்ற எண்ணம் எனக்கும் அதோடு போய்விட்டது.

பேச்சு தொடங்கியதும் நானும் தவராசாவும் மேசையின் இரு பக்கத்தாலும் நடந்தோம். கண்ணால் பேசிக்கொண்டோம். ஒன்றாகக் குனிந்து, இரு தூதுக்குழுத் தலைவர்களின் வலக்கைப் பக்கம் ஒன்றாக வைத்து, ஒன்றாக நிமிர்ந்தோம். அதைவிடச் சுத்தமாக நாங்கள் என்றுமே செய்ததில்லை.

இருவரும் வாசித்தார்கள். வாசித்துவிட்டு இருவரும் தலையை நிமிர்த்தி, எதிரே இருப்பவரின் கையிலும் அதே அட்டை இருப்பதைப் பார்த்தார்கள்.

வடக்கின் தலைவர் முதலில் பேசினார். "இந்தத் தகவல் எங்கள் நண்பர்களுக்கும் கிடைத்திருப்பதைக் காண்கிறோம்."

"எங்கள் நண்பர்கள் அதை உரிய முறையில் கவனிப்பார்கள் என்று நம்புகிறோம்" என்றார் தெற்கின் தலைவர்.

பின்வரிசையில் கப்டன் கதிரையிலிருந்து அரைவாசி எழுந்தார். அவருடைய தலைவர் திரும்பிப் பார்த்தார். கப்டன் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு சட்டத்தரணிகள் வந்தார்கள். யார் கப்பலை முதலில் அனுப்பினாலும், அந்தத் துண்டு தங்கள் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒருமுறை போனால் என்றைக்கும் போகவேண்டும். அதற்குப் பாதுகாப்பாக ஒரு வசனம் வேண்டும். அந்த வசனத்தை எழுதினார்கள், வெட்டினார்கள், திரும்ப எழுதினார்கள். நாங்கள் சாப்பாடு வைத்தோம். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்தோம். தேநீர் வைத்தோம். என் சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். "ஆரும் வரேல்லையாம் அண்ணை." அடுத்தது, "சொல்லிட்டியளோ?" அதற்கு அடுத்தது, "அவன்ர போன் நிண்டுட்டுது."

என்ன பதில் எழுதுவது? சொல்லிவிட்டேன் என்று எழுதினேன். அது உண்மைதான்.

பொழுது சாயும் நேரத்தில் வசனம் முடிந்தது. இரு நாட்டுக் கப்பல்களும் இரு கரையிலிருந்தும் ஒரே நேரத்தில் புறப்படும். எவருடைய புறப்பாடும் எதையும் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படாது. வாசித்து முடித்ததும் இரு பக்கமும் கைதட்டினார்கள். தலைவர்கள் எழுந்து மேசைக்கு மேலாகக் கை குலுக்கினார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது பெரிய வெற்றி. அத்தனை காலம் எதிலும் ஒத்துவராத இரண்டு அயலவர்கள் முதன்முதலாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்யச் சம்மதித்திருந்தார்கள். நான் காலியான கிளாஸ்களுக்குத் தண்ணீர் ஊற்றினேன். என் பக்கத்துக் கிளாஸ் ஒன்று வழிந்தது. மிஸ் ஹோல்ட் அதற்குப் பக்கத்தில் வந்து நிற்கவில்லை.

கப்பல்கள் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. மறுநாள் காலை மண்டபத்தில் அறிவித்தார்கள். கவிழ்ந்த படகு, சில உடுப்புகள், ஒரு பிளாஸ்டிக் பெற்றோல் கான். ஆட்கள் ஒருவரும் இல்லை. ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். அதையும் ஒன்றாகத்தான் செய்தார்கள்.

அன்றைக்கு நடைவழியில் கப்டன் என்னை மறித்தார். அட்டையை எழுதியது யார் என்று கேட்டார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சந்தான் வரும். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னார்.

"தேநீர் குடிக்கும்போது அதை என் கையில் தந்திருந்தால், நின்ற இடத்திலிருந்தே என் ஆட்களுக்குப் போன் செய்திருப்பேன். கடலில் யாருடைய பக்கம் என்று நாங்கள் கேட்பதில்லை. வடக்கின் கடற்காவல் ஆளிடம் தனியாகக் கொடுத்திருந்தாலும் அவனும் அதைத்தான் செய்திருப்பான். இருவருக்கும் முன்னால், இருவரும் பார்க்க வைத்தீர்கள். பிறகு அது படகு இல்லை. பிறகு அது மேசை."

சொல்லிவிட்டு என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். திரும்பினால் பாத்திர அறையின் வாசலில் மிஸ் ஹோல்ட் நின்றார். கேட்டிருப்பாரோ இல்லையோ, அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் அவரிடம் சொல்லவுமில்லை. நல்லது செய்யத் துணிந்த ஒரு மனுசியிடம் அதை எப்படிச் சொல்வது?

றெஜினா டிலக்சனுக்கு இறந்தோர் பூசை கொடுக்கவில்லை. பங்குச் சாமியார் இரண்டு தரம் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். உடலும் இல்லை, மரணச் சான்றிதழும் இல்லை. வடக்குக்கு எழுதினால் எங்கள் கடலில் நடக்கவில்லை என்று பதில் வந்தது. தெற்கும் அதையே எழுதியது. இன்றைக்கும் பயணிகளுக்கான மன்றாட்டில்தான் அவன் பெயரை வாசிக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் அவள் என்னிடம் கேட்டாள்.

"அண்ணை, ரெண்டில எந்தக் கடல் எண்டு மட்டும் தெரிஞ்சாக் காணும். பிறகு நான் அவையிட்டைக் கேட்டுக்கொள்ளுவன். உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன். இரண்டு வருடம் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்றவன் நான். கண்ணை மூடினால் கோடு கோடாகத் தெரியும். ஆனால் அந்தத் துண்டை மட்டும் இரண்டு பக்கமும் தங்களுடையதல்ல என்றுதான் சொன்னார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்காமல் படுத்துவிட்டேன்.

சில மாதங்களில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே மண்டபம். இரு நாட்டு அமைச்சர்களும் வருகிறார்கள் என்று தொலைக்காட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். அன்று சொல்லப்பட்ட வசனம் ஒப்பந்தத்திலும் இருந்தது, கப்பல்கள் ஒரே நேரத்தில் புறப்படும் என்று. முன்பு நடந்த எதற்கும் இது பொருந்தாது என்று கீழே இன்னொன்றும் இருந்தது. அதாவது டிலக்சனுக்கும் பொருந்தாது. தவராசா வடக்குக் கதவில். நான் தெற்குக் கதவில். நடுவில் மிஸ் ஹோல்ட், கைகள் பின்னால்.

அவர் இன்னும் தாடையைத் தாழ்த்தவில்லை. நான் கதவைத் திறந்துவிட்டேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கை செய்தது. மண்டபத்தின் அந்தக் கோடியில் தவராசாவின் வாய் திறந்தது. அவன் கதவு மூடியிருந்தது. வாசலில் தெற்கின் அமைச்சர் நின்றார். நல்ல உடுப்பு, கையில் பேனை, பின்னால் முழுப் பரிவாரமும். உள்ளே வருவதற்கு எல்லாம் ஆயத்தம். இரண்டு அடி எடுத்து வைத்தால் போதும்.

மிஸ் ஹோல்ட் நடுவிலிருந்து நடந்து வந்து என் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். பிழைக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். மூடுவதற்குக் கைபிடியைப் பிடித்தேன்.

"மூடாதீர்கள்" என்றார், என்னைப் பார்க்காமல். "அந்தக் கப்டன் சொன்னதை நானும் கேட்டேன்."

கைபிடியை விட்டேன். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நின்றோம். கதவு அகலத் திறந்தே கிடந்தது. அமைச்சர் எங்கள் இருவரையும் பார்த்தார். மண்டபத்துக்கு அந்தப் பக்கம் மூடிக் கிடந்த கதவைப் பார்த்தார். எதிர்க்கதவு திறக்கும் வரைக்கும் அவர் வாசலைத் தாண்டவில்லை.